கொசுவத்தில் விழுந்த மனு

வெண்கரைக் குடியரசில் மூன்று ஆறுகளும் ஒரு துறைமுகமும் அளவுக்கு மீறிய உப்புக்காற்றும் இருந்தன, அவற்றோடு தலைவரின் மனைவி கையில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டால் அது நேரே தலைவர் காதில் போய் விழுந்துவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கை இல்லாத ஒரே ஆள் தலைவரின் மனைவி சங்கரவடிவுதான், ஏனென்றால் தலைவர் தில்லைநாயகமும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி எட்டு வருடம் ஆகிவிட்டது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் ஒரே வீடு. முன்பாதி அலுவலகம், பின்பாதி குடித்தனம், நடுவே சிவப்புக் கம்பளம் விரித்த நீண்ட நடை. பதவியேற்ற அன்று அந்த நடையைத் தாண்டி முன்பாதிக்குப் போன தில்லைநாயகம் தூங்குவதற்கு மட்டுமே பின்பாதிக்கு வந்தார், சாப்பாடு கேரியரில் போனது, கோப்பைப் பார்த்தபடியே அவர் சாப்பிட்டார், காலிக் கேரியர் திரும்பி வந்தது, கூடவே தனிச்செயலரும் வந்து “நன்றாக இருந்ததாகத் தலைவர் சொல்லச் சொன்னார்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் மாதமே வடிவுக்குச் சந்தேகம் வந்து குழம்பில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் பார்த்தாள், நன்றாக இருந்ததாகத்தான் சொல்லச் சொன்னார்கள், மறுநாளும் குறைத்தாள், மறுநாளும் நன்றாகத்தான் இருந்தது, சரி, யாராவது என்றைக்காவது கேட்கட்டும் என்று அவள் அப்படியே விட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள் அவள், நாளைக்கு முந்நூறு பேரை முந்நூறு பேரோடு பேச வைத்தவள், நடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புருஷனோடு இணைப்புக் கிடைக்கவில்லை என்றால் அவளுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம், தலைவர் பின்னால் இரண்டடி தள்ளி, சிரித்த முகமாக, குத்துவிளக்கின் ஐந்தாவது திரியை ஏற்றுவதற்காக நிற்கும் அம்மா. ஆகவே அவள் போன இடமெல்லாம், பள்ளிக்கூட ஆண்டுவிழாவானாலும் படகு வெள்ளோட்டமானாலும், அவள் கையில் காகிதங்களைத் திணித்தார்கள், அவள் அவற்றை வாங்கிச் செயலரிடம் கொடுத்தாள், செயலர் அவற்றைக் கட்டுக் கட்டாக ஓர் அறையில் அடுக்கினார், அந்த அறையைக் கரையான் பார்த்துக்கொண்டது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், அவர் தலைவரான ஐந்தாம் வருடம், கால்நடை மருத்துவமனைத் திறப்புவிழாவில், ஒரு விவசாயி தன் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்துபோனது பற்றி எழுதிய மனுவை வடிவின் கையில் வைத்தார், வைத்ததும் காகிதம் வெறும் காகிதமாயிற்று, எழுத்தெல்லாம் அவள் கட்டியிருந்த கடுகுநிறச் சேலையின் முந்தானையில் வரிசையாக வந்து உட்கார்ந்தது, அதே நீலப் பேனா மையில், அதே கோணல் கையெழுத்தில், ஓரத்தில் அதே பெருவிரல் அழுக்கோடு. விவசாயி குனிந்து ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

“அம்மா, ரெண்டாவது வரில எங்க ஊர்ப் பேரு விட்டுப்போச்சு, போட்டுக்கிடட்டுமா?” என்று கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அன்று சாயங்காலச் செய்தியில் அந்த முந்தானை நாடு முழுக்கத் தெரிந்தது, மூன்றாம் நாள் மோட்டார் மாற்றப்பட்டது, மாற்றிய நிமிடமே சேலையிலிருந்த எழுத்து துடைத்த மாதிரிப் போய்விட்டது. வடிவுக்குச் சேலை துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் மாரித்தங்கம், “நல்லவேளை, சோப்பு மிச்சம்” என்று சொல்லி அதை மடித்து வைத்தாள். ஆனால் மறுநாளே வேறு சேலை, வேறு எழுத்து. தீராத மனுவெல்லாம் அவள் எந்தச் சேலையைக் கட்டினாலும் அதில் ஏறிக்கொண்டது, பட்டானால் ஜரிகையிலும் பருத்தியானால் மையிலும், எப்படித் துவைத்தாலும் போகாமல், காரியம் முடிந்தால்தான் போவேன் என்று உட்கார்ந்துகொண்டது.

இதற்காக நாட்டில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, அவரவருக்கு வேலை இருந்தது. முதலில் ஒரு சிக்கல்தான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. வெண்கரை மக்கள் மனு எழுதினால் முதல் முக்கால் பக்கத்துக்குத் தலைவரையும் தலைவரின் மனைவியையும் புகழாமல் விஷயத்துக்கு வர மாட்டார்கள், அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறிய பழக்கம், அதனால் ‘கருணைக் கடலே, வெண்கரையின் விடிவெள்ளியே, எங்கள் குலம் காக்கும் தாயே’ என்பதெல்லாம் முந்தானையிலும் மார்பிலும் தோளிலும் பளிச்சென்று வர, கடைசியில் எழுதிய ‘எங்கள் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை’ என்பது மட்டும் கொசுவ மடிப்புக்குள் போய் மறைந்துவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த தெரு முழுக்க, அம்மா நடக்கும்போது கொசுவம் கொஞ்சம் விரியாதா, ‘குடி’ என்றாவது தெரியாதா என்று தவித்தது. ஆறு மாதம் இப்படியே புகழ்ச்சியை மட்டும் சுமந்து திரிந்தாள் வடிவு, கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு அலைகிற மாதிரி இருந்ததில் அவளுக்கு வெட்கமே வந்துவிட்டது.

பிறகுதான் மாவட்ட அலுவலகங்களின் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர்களுக்குப் புத்தி வந்தது, அவர்கள் விஷயத்தை முதல் வரியிலும் புகழ்ச்சியைக் கடைசியிலும் எழுதத் தொடங்கினார்கள், பள்ளிக்கூடங்களில் கடிதம் எழுதும் முறையே மாறியது, கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள்கூடச் சுற்றி வளைக்காமல் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தார்கள். நடக்காத காரியத்துக்கு ‘அது கொசுவத்தில் விழுந்த மனு’ என்று பேர் வந்தது, நடந்த காரியத்துக்கு ‘முந்தானையில் வந்துவிட்டது’ என்றார்கள். மாரித்தங்கம் பின்வாசலில் சேலைகளைக் கொடியில் போட்டால் வேலிக்கு வெளியே நூறு பேர் நின்று வாசித்தார்கள், எந்த வரி அழிந்தது, எந்த வரி புதிது என்று பத்திரிகைகள் தினமும் போட்டன. அம்மா தங்கள் மாவட்டத்துக்கு வருகிறாள் என்று தெரிந்தால் அதிகாரிகள் ஓடி ஓடிச் சாலைக்குழியை மூடினார்கள்.

நாட்டுக்கு நல்லதுதான், யார் இல்லை என்றது. ஆனால் அந்தச் சேலைக்குள் இருந்தவள் ஒருத்தி இருந்தாளே. தன் சித்தப்பா மகனின் சாவுக்குப் போனபோது அவள் வெள்ளைச் சேலையில் நாற்பத்தேழு ஊர்களின் குறை இருந்தது, அழுதுகொண்டிருந்தவர்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதபடியே தோளில் இருந்ததை வாசித்தார்கள், ஒரு பெண் விசும்பலுக்கு நடுவே “கொஞ்சம் திரும்புங்கம்மா” என்றாள். கோயிலுக்குப் போனால் சாமியை விட்டுவிட்டு அவளைச் சுற்றி வந்தார்கள். எல்லோரும் அவளை வாசித்தார்கள், ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் காது வலியோடு மேடையில் நின்ற அன்று ஒருவர்கூட என்னவென்று கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அது எப்போதும் அடுப்பில் இருக்கும் வெந்நீர் மாதிரி கொதிக்காமலும் ஆறாமலும் கிடந்தது.

விழா மரபுகளைக் கவனிக்கும் அதிகாரி வைகுந்தன் தன் பங்குக்கு வந்து நின்றார். வெளிநாட்டு விருந்தினர் வரும்போது நாட்டின் குறைகள் அம்மாவின் மேல் ஓடிக்கொண்டிருப்பது நன்றாக இல்லை என்று அவர் நினைத்தார். பொன்னாடை போர்த்திப் பார்த்தார், எழுத்து பொன்னாடைக்கு ஏறியது. கடைசியில் ஒரு மழைக்கோட்டைக் கொண்டுவந்தார், சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வடிவு ஒரு தூதர் மனைவியோடு தோட்டத்தைச் சுற்றி வந்தாள்.

“கொஞ்சம் அனுசரிச்சுக்கிடணும்மா” என்றார் வைகுந்தன்.

“வெந்துக்கிட்டு இருக்கேன், இதுக்கு மேல என்னத்த அனுசரிக்க?” என்றாள் வடிவு.

தலைவர் மட்டும் எதையும் வாசிக்கவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியக் கண்ணாடி வேண்டும், ஆனால் சுவரொட்டியில் கண்ணாடி இல்லாத முகம்தான் இருந்தது, ஆகவே அவர் வெளியே கண்ணாடி போடுவதில்லை, எல்லாவற்றையும் யாராவது வாசித்துச் சொல்வார்கள். சேலை விஷயத்தையும் ஓர் அறிக்கையாக வாசித்துச் சொன்னார்கள், அவர் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார், குழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் பனிமயம் வந்தாள். துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கும் குப்பத்தில் மீன் விற்கிறவள். அவள் புருஷன் சூசை, கடலுக்குள் கல்லடுக்கித் தடுப்பு கட்டும் வேலையைத் தலைவர் தொடங்கிவைத்த மேடைக்கு முன்னால் எழுந்து நின்று, “இங்க கல்லு போட்டா எங்க பக்கம் கரையக் கடல் தின்னுருமே, அதுக்கு என்ன செய்யப் போறிய?” என்று கேட்டான். கேட்டதற்குத் தடுப்புக்காவல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைவரே கையெழுத்துப் போட்டு நீட்டிக்கிற உத்தரவு, ஐந்து கையெழுத்து ஆகி இரண்டரை வருடம் முடியப்போகிறது, அவன் சொன்னபடியே கடலும் பதினோரு வீட்டைத் தின்றுவிட்டது. பனிமயத்தின் மனுவில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. ‘என் வீட்டுக்காரர் சூசை ஒரு கேள்வி கேட்டார். பதில் வேண்டாம், ஆளைத் திருப்பித் தாருங்கள்.’ அவ்வளவுதான், அது வடிவின் இடது தோளில் வந்து உட்கார்ந்தது.

மற்ற மனுக்கள் வந்தன, அழிந்தன. இது மட்டும் அழியவில்லை, ஏனென்றால் இதை அழிக்கிற கை நாட்டிலேயே ஒன்றுதான். வடிவு மூன்று முறை சொன்னாள். முதல் முறை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே “ம்” என்றார், இரண்டாம் முறை காரில் ஏறிக்கொண்டே “ம்” என்றார், மூன்றாம் முறை அவள் நடையில் குறுக்கே போய் நின்று இடது தோளை அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டியபோது, அவர் தாண்டிப் போகிறபடியே, “சேலை நல்லா இருக்கு வடிவு” என்றார். அன்று மாரித்தங்கம் கொடுத்த காப்பியை அவள் அப்படியே செடியில் ஊற்றினாள்.

பனிமயம் மாதம் ஒருமுறை வேலியோரம் வந்து நின்றாள். கூச்சல் போட மாட்டாள், மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பாள்.

“அய்யா படிச்சாகளாம்மா?”

“இன்னும் இல்ல.”

“ஒரே வீட்லதான இருக்கிய?”

வைகுந்தனிடம் எரிந்து விழலாம், செயலரை முறைக்கலாம், இவளிடம் எதுவும் முடியாது, இவள் கேட்டது நியாயமான கேள்வி. அன்று வடிவு உள்ளே போய், அலமாரியில் இருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தொலைபேசி நிலையத்தில் எழுதிப் பழகிய சின்னச் சின்ன எழுத்தில், ‘ஒரு வேளையாவது, கையில் கோப்பு இல்லாமல், என் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்’ என்று எழுதி, வலது கையால் தன் இடது கையில் கொடுத்துக்கொண்டாள். எழுத்து தாளிலேயே கிடந்தது.

“ஊரு குடுத்தா ஏறுது, நீங்க குடுத்தா ஏற மாட்டேங்குதேம்மா” என்றாள் மாரித்தங்கம்.

“அப்ப என் மனுவ நான் யாருக்குக் குடுக்க?”

மாரித்தங்கம் தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்து யோசித்தாள். “யார் தரணுமோ அவுகளுக்குத்தான்” என்றாள்.

வடிவு தாளை நான்காக மடித்து முந்தானை ஓரத்தில் முடிந்துகொண்டாள்.

குடியரசு நாள் வந்தது. சூசையின் ஐந்தாவது உத்தரவு அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு முடிகிறது, ஆறாவதற்கான கோப்பு மேசைமேல் தயாராக இருக்கிறது, விழா முடிந்து வந்ததும் தலைவர் கையெழுத்திடுவார் என்று செயலரே சொன்னார். வெண்கரையில் அந்த நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அணிவகுப்பு மைதானத்தில், நாடே பார்க்க, மனைவி தலைவரின் தோளில் ஒரு துண்டைப் போர்த்த வேண்டும், முதல் தலைவர் காலத்தில் இருந்து அப்படித்தான், துண்டு விழுந்த பிறகுதான் பீரங்கி முழங்கும். வைகுந்தன் வெள்ளித்தட்டில் புதுப் பட்டுத்துண்டோடு வந்தார், இன்னொரு கையில் மழைக்கோட்டு இருந்தது.

“அத நீரு போட்டுக்கிடும்” என்று சொல்லிவிட்டு வடிவு காரில் ஏறினாள். அவள் கட்டியிருந்தது பழைய பருத்திச் சேலை. முந்தானையில் பனிமயத்தின் மனு ஏறியிருந்த ஒரு முழ அகலத்தைக் காலையிலேயே வெட்டி, மறுபடி லேசாக நூலோட்டி வைத்திருந்தாள் மாரித்தங்கம், எதற்கென்று கேட்காமலே.

வெயில் கொளுத்தியது. ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்ததும் அவள் எழுந்து போய்த் தட்டிலிருந்த பட்டுத்துண்டை எடுத்தாள், அதைக் கொண்டு முகத்து வேர்வையை நன்றாகத் துடைத்தாள், திரும்பத் தட்டிலேயே போட்டாள். பிறகு முந்தானையைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள், நூல் சரசரவென்று விட்டு வந்தது, முனையில் தன் தாளை முடிந்திருந்த அந்தத் துணியை எட்டுப் பீரங்கிகளுக்கும் நாற்பதாயிரம் பேருக்கும் முன்னால் தில்லைநாயகத்தின் தோளில் போட்டாள். எழுத்து ஒரு நொடி நின்று பார்த்தது, பிறகு துணியிலிருந்து இறங்கி, மக்களுக்கு முதுகைக் காட்டிப் பீரங்கிகளைப் பார்த்து நின்ற அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் வரிசையாகப் போய் உட்கார்ந்தது.

மூன்று வருடப் பழக்கம், மக்கள் கண்ணில் பட்டதைச் சத்தமாக வாசித்தார்கள். ‘என் வீட்டுக்காரர் சூசை ஒரு கேள்வி கேட்டார்’ என்று மைதானம் ஒரே குரலில் வாசித்தது, ‘ஆளைத் திருப்பித் தாருங்கள்’ என்று வாசித்தது, அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்து வரிக்கு வந்ததும் குரல் தானாகத் தணிந்து, முன்வரிசைப் பெண்கள் மட்டும் அதை உதட்டுக்குள் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பீரங்கிக்காரர்கள் முழக்க மறந்துபோனார்கள்.

காரில் தலைவர் சட்டையை மாற்றினார், புதுச் சட்டையிலும் ஏறியது. “என்ன எழுதியிருக்கு?” என்று செயலரைக் கேட்டார். “வாழ்த்துச் செய்திதான் தலைவரே” என்றார் செயலர். வைகுந்தனைக் கேட்டார், “மக்களின் அன்பு” என்றார் வைகுந்தன். சூசை என்ற பெயரைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு வந்தவர் தலைவர், இத்தனை வருடம் இவர்கள் வாசித்துச் சொன்னதெல்லாம் எப்படிப்பட்டவை என்று அப்போதுதான் முதல்முறையாக அவருக்கு உறைத்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு, செயலர் கோப்போடு பின்னால் ஓடி வர, சிவப்புக் கம்பளத்தைத் தாண்டிப் பின்பாதிக்கு வந்தார். வடிவு கேரியரில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வடிவு, என் முதுகுல என்ன இருக்கு? நீ சொல்லு.”

“மூணு தடவ சொல்லிட்டேன்.”

“இன்னொரு தடவ சொல்லேன்.”

“சொல்ல மாட்டேன். சட்டையக் கழட்டிப் படிங்க.”

செயலர் தொண்டையைச் செருமினார். இவ்வளவு எளிதான வழி ஒன்று இருப்பது தலைவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது, அதைப் பார்த்ததும் வடிவுக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. அவர் சட்டையைக் கழற்றினார், பனியனோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார், பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டார், சட்டையை மேசையில் விரித்து, விரலை வைத்து, மெதுவாக வாசித்தார்.

“யாரு இந்தச் சூசை?”

“அஞ்சு தடவ கையெழுத்துப் போட்டவரு நீங்க. என்னயக் கேக்குறிய.”

அவர் செயலர் கையிலிருந்த கோப்பை வாங்கினார், அதையும் முதல்முறையாகத் தானே வாசித்தார், முழுதாக, அரைமணி நேரம், கடல் தின்ற பதினோரு வீட்டின் கணக்கு வரும் பக்கத்தை இரண்டு தடவை. பிறகு நீட்டிக்க என்று அச்சடித்திருந்ததைக் கோடு போட்டு அடித்து, விடுதலை செய்க என்று எழுதிக் கையெழுத்திட்டார். வேலியோரம் நின்றிருந்த பனிமயம், கொடியில் காய்ந்த பச்சைச் சேலையின் இடது தோள் துடைத்த மாதிரி ஆனதைப் பார்த்தாள், இன்னொருமுறை பார்த்தாள், பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சிறைச்சாலை வாசலைப் பார்க்க நடந்தாள்.

மேசைமேல் கிடந்த சட்டையில் ஒரு வரி மட்டும் மிச்சம் இருந்தது. தில்லைநாயகம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார், வாசித்தார், நிமிரவில்லை.

“இது உன் எழுத்துல்ல?”

“ஆமா.”

“எப்ப எழுதின?”

வடிவு கேரியரில் ஊற்றிய குழம்பைத் திரும்பக் கிண்ணத்தில் ஊற்றி, தட்டில் சோற்றை வைத்து, அவர் முன்னால் நகர்த்தி, தனக்கும் ஒரு தட்டைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் கோப்பைச் செயலரிடம் நீட்டி, கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்தார்கள். அவர் முதல் வாயை வைத்தார், மென்றார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்.

“வடிவு, குழம்புல உப்புக் கம்மியா இருக்கே.”

“எட்டு வருசமாக் கம்மிதான்” என்று சொல்லிவிட்டு, உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.